போகும்போது 6 மணி நேரம், வரும்போது 14 மணி நேரமா?

"சென்னையிலிருந்து லண்டன் எவ்வளவு தூரம், விமானத்தில் எத்தனை மணி நேரம்?" என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறீர்கள். கீழே நீங்கள் எழுதியுள்ள விவரங்களைப் படித்த பிறகுதான் உங்கள் குழப்பம் எங்கே என்று எனக்குப் புரிந்தது. ஆம்பூரில் காலணி வடிவமைப்புப் பிரிவில் வேலை பார்க்கும் உங்கள் மகள், மூன்று வாரப் பயிற்சிக்காகச் செப்டம்பரில் இங்கிலாந்தின் நார்தாம்ப்டன் நகருக்குப் போகிறார். முதல் விமானப் பயணம், அதுவும் தனியாக. டிக்கெட்டில் சென்னைப் புறப்பாடு காலை 5.40, லண்டன் வருகை அதே நாள் காலை 11.55. திரும்பும்போது லண்டனில் பகல் 1.00 மணிக்குக் கிளம்பி, மறுநாள் அதிகாலை 3.30க்குச் சென்னை. கழித்துப் பார்த்தால் போவதற்கு ஆறேகால் மணி நேரம், வருவதற்குப் பதினான்கரை மணி நேரம் வருகிறது. தூரத்தைத் தேடியபோதும் 4,445, 5,115, 8,230, 8,700 என்று நான்கு எண்கள் கிடைத்திருக்கின்றன. எதை நம்புவது என்கிறீர்கள். இவற்றுக்கெல்லாம் அடியில் நீங்கள் எழுதாமல் விட்ட கேள்வி ஒன்றும் இருக்கிறது: பிள்ளை எத்தனை மணி நேரம் வானத்தில் இருப்பாள், எப்போது அவள் குரலைக் கேட்கலாம்? அதற்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் திருவலம் பக்கத்துக்காரன். டெல்லியிலும் பிறகு வளைகுடாவிலுமாக 27 ஆண்டுகள் விமானப் பயணத் திட்டம் போடும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றேன். டிஸ்பாச்சர் என்று எங்களைச் சொல்வார்கள். விமானி வந்து சேர்வதற்கு முன்பே, எந்தப் பாதை, எந்த உயரம், எத்தனை டன் எரிபொருள், வழியில் கோளாறு என்றால் எங்கே இறங்குவது என்பதையெல்லாம் தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கொடுப்பது எங்கள் பொறுப்பு. ஆகவே நீங்கள் கேட்டிருப்பது நான் தினமும் புழங்கிய கணக்கு.

முதலில் தூரம். இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. நீங்கள் கண்ட நான்கு எண்களில் மூன்று ஒரே தூரத்தைத்தான் குறிக்கின்றன. கிலோமீட்டரில் சொன்னால் 8,230. தரை மைலில் 5,115. கடல் மைலில் 4,445. ஒரு தரை மைல் 1.609 கி.மீ., ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. கப்பல்காரர்களிடமிருந்து விமானத்துறை எடுத்துக்கொண்ட அளவு கடல் மைல். இன்றும் விமானியின் தாளில் தூரம் அதில்தான் இருக்கும். அதற்கு நல்ல காரணமும் உண்டு. பூமியின் மையத்தில் ஒரு பாகைக் கோணத்தை அறுபதாகப் பிரித்தால், அதில் ஒரு பங்கு தரையில் எவ்வளவு நீளம் பிடிக்கிறதோ அதுதான் ஒரு கடல் மைல். சென்னைக்கும் லண்டனுக்கும் இடையே பூமியின் மையத்தில் உள்ள கோணம் 74 பாகையும் சொச்சமும். அறுபதால் பெருக்கிப் பாருங்கள், 4,440ஐத் தாண்டும். என் வேலையில் எனக்கு முதன்முதலில் பிடித்துப்போனது இந்தப் பெருக்கல்தான்.

இந்த 8,230 கி.மீ. என்பது இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே பூமியின் மேற்பரப்பில் உள்ள மிகக் குறுகிய தூரம். பெருவட்டத் தூரம் என்று பெயர். சுவரில் தொங்கும் தட்டையான உலக வரைபடத்தில் சென்னைக்கும் லண்டனுக்கும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் அது குறுகிய வழி போலத் தெரியும். அந்தக் கோட்டைப் பிடித்தபடியே பறந்தால் ஏறக்குறைய 8,480 கி.மீ. ஆகிவிடும், அதாவது 250 கி.மீ. கூடுதல். நம்ப முடியாவிட்டால், உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருக்கும் உலக உருண்டையை ஒரு மணி நேரம் கேட்டு வாங்குங்கள். தையல் நூலின் ஒரு முனையைச் சென்னை மேல் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையை லண்டன் வரை கொண்டுபோய் நன்றாக இழுத்துப் பிடியுங்கள். தொய்வு போனதும் நூல் தானாக நழுவி வடக்கே ஏறிக்கொள்ளும். அது நிற்கும் இடத்தைப் பாருங்கள்: நாசிக் பக்கமாக வடமேற்கே ஏறி, பாகிஸ்தானின் தென்பகுதி, கிழக்கு ஈரான், அசர்பைஜான், கருங்கடலின் வடகரையில் கிரிமியா, உக்ரைன், தெற்குப் போலந்து, ஜெர்மனி, பிறகு லண்டன். ஸ்கேல் கோடு அரபிக்கடல், குவைத், மேற்குத் துருக்கி என்று தெற்கே தாழ்ந்து போகும். உங்கள் மகளையே இதைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். தோலைப் பாதத்தின் வளைவில் இழுத்துப் பொருத்துகிற வேலை தெரிந்தவருக்கு, தட்டையில் வரைந்த கோடு வளைவில் என்ன ஆகும் என்பது உடனே விளங்கும்.

இந்த இடத்தில் ஒரு சேதி சொல்லாமல் போக மனமில்லை. பூமியின் வளைவை இந்தியாவில் துல்லியமாக அளக்கத் தொடங்கிய இடம், உங்கள் மகள் விமானம் ஏறப்போகும் மீனம்பாக்கத்துக்குப் பக்கத்திலேயே உள்ள பரங்கிமலை. 1802இல் வில்லியம் லாம்ப்டன் என்ற ராணுவ அதிகாரி, 100 அடி எஃகுச் சங்கிலியைத் தரையில் மாற்றி மாற்றி வைத்து, ஏறக்குறைய 12 கி.மீ. நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டை அளந்தார். அந்த ஒரு கோட்டை வைத்துக்கொண்டு, குன்றிலிருந்து குன்றுக்குக் கோணம் பார்த்து, மேற்கே மங்களூர்க் கடற்கரை வரை முக்கோணங்களை அடுக்கிக்கொண்டு போனார்கள். பாகைக்கு எத்தனை கிலோமீட்டர் என்று இன்று நாம் கண்ணை மூடிக்கொண்டு பெருக்குவதற்குப் பின்னால், வெயிலில் சங்கிலி இழுத்தவர்களின் கைகள் இருக்கின்றன. அந்த மலையடியில் ஓடுபாதையை விட்டு விமானம் எழும்பும் ஒவ்வொரு முறையும் எனக்கு அது நினைவுக்கு வரும்.

இனி நான்காவது எண், 8,700. அது தவறான எண் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஏதோ ஒரு நாள் ஏதோ ஒரு விமானம் உண்மையில் பறந்து முடித்த தூரமாக அது இருக்கும். நூல் காட்டும் வழியில் இன்று யாரும் லண்டனுக்குப் போவதில்லை. 2022 பிப்ரவரி 24 முதல் உக்ரைன் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டுள்ளது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய நிறுவனங்களின் விமானங்களுக்கு மூடியது. இந்தியாவும் பாகிஸ்தான் விமானங்களுக்கு மூடியது. வெளிநாட்டு நிறுவனத்தின் விமானத்துக்கு அந்தத் தடை கிடையாது என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரே ஊருக்குப் போகும் இரண்டு நிறுவனங்களின் நேரம் வேறுபடுவதற்கு இது ஒரு காரணம். 2025 ஜூனில் இஸ்ரேல் - ஈரான் மோதலின்போது ஈரான், ஈராக் வான்வெளிகளும் பல நாட்கள் மூடப்பட்டன. ஆகவே பாதை பெரும்பாலும் தெற்கே இறங்கி, அரபிக்கடல், வளைகுடா, துருக்கி, கிழக்கு ஐரோப்பா என்று வளைகிறது. பூமி உருண்டை என்று தெரியாமல் நாம் வரைபடத்தில் கிழித்த ஸ்கேல் கோட்டின் பக்கத்தில் போர்கள் விமானத்தைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தியிருக்கின்றன.

2019 பிப்ரவரி 27 அன்று பாகிஸ்தான் வான்வெளி மூடப்பட்டபோது நான் டெல்லியில் இருந்தேன். மேசை மேல் ஐரோப்பாவுக்கான திட்டத் தாள்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன, ஓரங்களில் ஓட்டை போட்ட நீளமான அச்சுத்தாள். ஒவ்வொன்றின் மேலும் குறுக்காகக் கோடு போட்டு ஒதுக்கிவிட்டு, முதலிலிருந்து தொடங்கினோம். வடமேற்கே நேராக ஏற வேண்டிய விமானத்தைத் தெற்கே மும்பைப் பக்கம் இறக்கி, அரபிக்கடலைத் தாண்டவைத்து, மஸ்கட் வழியாகக் கொண்டுபோக வேண்டும். எரிபொருள் ஏறினால் எடை ஏறும். எடை ஏறினால் சரக்கை இறக்க வேண்டும். ஒரு விமானத்திலிருந்து மாம்பழக்கூழ்ப் பீப்பாய்களை இறக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது நன்றாக நினைவிருக்கிறது. அந்த வான்வெளி ஜூலை நடுவில்தான் மீண்டும் திறந்தது. சென்னையிலிருந்து கிளம்பும் விமானங்களுக்கு இந்தத் தொல்லை டெல்லி அளவுக்கு இல்லை, ஏனென்றால் நம் ஊர் ஏற்கெனவே தெற்கே இருக்கிறது. அரபிக்கடல் வழி நமக்குப் பெரிய சுற்று ஆகாது.

அடுத்து நேரம். உங்கள் ஆறேகால், பதினான்கரை இரண்டுமே பறக்கும் நேரம் ஆகாது, ஏனென்றால் இரண்டு ஊர்க் கடிகாரங்களை ஒன்றாக நினைத்துக் கழித்திருக்கிறீர்கள். டிக்கெட்டில் புறப்பாடு எப்போதும் புறப்படும் ஊரின் நேரம், வருகை எப்போதும் சேரும் ஊரின் நேரம். இந்திய நேரம் கிரீன்விச் நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்துக்கொள்வார்கள். ஆகவே செப்டம்பரில் வித்தியாசம் நாலரை மணி நேரம். சென்னையில் காலை 5.40 என்றால் அப்போது லண்டனில் நள்ளிரவு தாண்டி 1.10. அங்கிருந்து 11.55 வரை எண்ணினால் 10 மணி 45 நிமிடம். திரும்பும்போது லண்டன் பகல் 1.00 என்பது நமக்கு மாலை 5.30. அதிலிருந்து அதிகாலை 3.30 வரை சரியாக 10 மணி நேரம். இவைதான் உண்மையான பயண நேரங்கள். மகள் அங்கே நவம்பர் வரை தங்கும்படி ஆனால், வித்தியாசம் ஐந்தரை மணி நேரமாக மாறிவிடும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

நேர வித்தியாசம் தெரியாதவர்களுக்கும் ஒரு குறுக்கு வழி உண்டு. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் முதல் நாளில் சொல்லிக்கொடுப்பது இது. போகும்போது தோன்றும் நேரத்தையும் வரும்போது தோன்றும் நேரத்தையும் கூட்டி, பாதியாக்குங்கள். ஆறேகாலும் பதினான்கரையும் சேர்ந்தால் இருபதே முக்கால். அதில் பாதி பத்து மணி 22 நிமிடம். 10.45க்கும் 10.00க்கும் சரியான நடு அதுதான். ஒரு பக்கம் குறைந்த நாலரை மணி நேரம் மறுபக்கம் கூடிவிடுவதால், கூட்டலில் அது தானே கழிந்துபோகிறது. உலகின் எந்த இரண்டு ஊருக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். இடையில் அந்த நாடு கடிகாரத்தை மாற்றிவிட்டால் மட்டும் பொருந்தாது.

போவதற்கு ஏன் முக்கால் மணி நேரம் கூடுதல்? பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால் என்று பலர் சொல்வார்கள். அப்படியில்லை. விமானம் பறக்கும் காற்றும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது, ஆகவே சுழற்சியால் நேரடி லாபமோ நட்டமோ கிடையாது. காரணம் காற்று. தரையிலிருந்து 10 கி.மீ. உயரத்தில், நம் வட இந்தியாவுக்கும் ஈரானுக்கும் துருக்கிக்கும் மேலே, மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றாறு ஓடுகிறது. ஜெட் காற்று என்பார்கள். குளிர்காலத்தில் அது மணிக்கு 200 கி.மீ.யைக்கூடத் தாண்டும். லண்டன் போகும் விமானம் அதை எதிர்த்துப் போகிறது, சென்னை வரும் விமானம் அதில் மிதந்து வருகிறது. இன்றைய பெரிய விமானம் காற்றோடு ஒப்பிட்டால் மணிக்குச் சுமார் 890 கி.மீ. வேகத்தில் போகும். வழி முழுதும் சராசரியாக 40 கி.மீ. எதிர்க்காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். தரைக்கு மேல் அதன் வேகம் 850. 8,600 கி.மீ. வழிக்குப் பத்து மணி நேரத்துக்குச் சற்று அதிகம் ஆகும். அதே காற்று முதுகில் தள்ளினால் வேகம் 930, ஒன்பதே கால் மணி நேரம் போதும். உங்கள் டிக்கெட்டில் உள்ள முக்கால் மணி நேர வித்தியாசம் இங்கேதான் பிறக்கிறது.

செப்டம்பர் என்பதால் உங்கள் மகளுக்கு ஒரு சின்ன அதிர்ஷ்டம் உண்டு. பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவின் மேலே காற்று தலைகீழாக, கிழக்கிலிருந்து மேற்காக ஓடும். இந்தக் கீழைக் காற்றோட்டத்தை 1958இல் எழுதி உலகுக்கு விளக்கியவர் கோடேஸ்வரம் என்ற இந்திய வானிலை அறிஞர். அதன் வலுவான பகுதி விமானம் பறக்கும் உயரத்தைவிட மேலே, 14, 15 கி.மீ.யில் இருப்பதால் முழுப் பலனும் கிடைக்காது. ஆனாலும் சென்னையிலிருந்து அரபிக்கடல் வரை முதுகில் ஒரு மெல்லிய தள்ளுதல் இருக்கும். இதே பயணத்தை ஜனவரியில் செய்தால் போகும் நேரம் கூடும், வரும் நேரம் குறையும்.

டிக்கெட்டில் உள்ள 10 மணி 45 நிமிடம் முழுவதும் வானத்தில் கழியும் நேரமும் இல்லை. விமான நிறுவனங்கள் கணக்கிடுவது, சக்கரத்துக்கு முன்னால் வைத்திருக்கும் கட்டையை எடுத்து விமானம் நகர்ந்த நொடியிலிருந்து, அடுத்த ஊரில் மறுபடி கட்டை வைக்கும் நொடிவரை. பேச்சில் நாம் முட்டுக்கட்டை என்று எதையெதையோ சொல்கிறோம். சரியான முட்டுக்கட்டை இதுதான், மஞ்சள் வண்ணம் பூசி, கயிறு கட்டி, ஓர் ஆள் குனிந்து எடுப்பார். அதற்குப் பிறகு ஓடுபாதை முனைவரை ஊர்ந்து போக, முறைக்குக் காத்திருக்க, இறங்கியபின் நிறுத்துமிடம் வர என்று இரு பக்கமும் சேர்த்து அரை மணி நேரம் போகும். இதற்கு மேல் ஒரு மெத்தையும், அதாவது தாமதத்தைத் தாங்கக் கொஞ்சம் கூடுதல் நேரமும், வைப்பார்கள். லண்டன் ஹீத்ரோ மிக நெரிசலான நிலையம். வரும் விமானங்களை நகரத்தைச் சுற்றி நான்கு இடங்களில் அடுக்கடுக்காக வட்டமடிக்க வைத்து, ஒவ்வொன்றாக இறக்குவார்கள். காட்பாடியில் ஏறியவர்கள் பேசின் பிரிட்ஜ் வரை வேகமாக வந்துவிட்டு, சென்ட்ரல் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் சிக்னலுக்காக நிற்பதில்லையா, அப்படி. அந்தக் காத்திருப்பையும் சேர்த்துத்தான் அட்டவணை போடுகிறார்கள். வட்டமடிக்க வேண்டியிராத நாளில் விமானம் 20 நிமிடம் முன்னதாகவே வந்துவிடும்.

எரிபொருள் போதுமா என்ற பயம் வேண்டாம். வழிக்குத் தேவையானது போக, அதில் ஐந்து சதவீதம் கூடுதல், மாற்று நிலையம் ஒன்றுக்குப் போய் இறங்கத் தேவையானது, அதற்கும் மேலே 30 நிமிடம் வட்டமடிக்கத் தேவையானது, இத்தனையும் ஏற்றிய பிறகுதான் விமானம் கிளம்பும். இவை பன்னாட்டு விதிகள், விமானியின் விருப்பத்தைப் பொறுத்தவை அல்ல. பெரும்பாலான விமானிகள் இதற்கும் மேலே ஒன்றிரண்டு டன் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். நானும் மறுத்ததில்லை.

ஆகவே எதை உறுதியாகச் சொல்லலாம், எதைச் சொல்ல முடியாது என்று பிரித்துக்கொள்ளுங்கள். 8,230 கி.மீ. உறுதி, அது எந்த ஆண்டிலும் மாறாது. நேர வித்தியாசம் உறுதி. பறக்கும் பாதை அன்றன்று முடிவாவது. காற்றையும் மூடிய வான்வெளிகளையும் பார்த்துப் புறப்பாட்டுக்குச் சில மணி நேரம் முன்புதான் திட்டம் தயாராகும். இன்றைக்கே அந்தச் செப்டம்பர் காலையின் பாதையை எந்த நிபுணர் சொன்னாலும் நம்ப வேண்டாம், நான் உட்பட. போகும் பயணம் பத்தேகாலிலிருந்து பதினொன்றரை மணி நேரத்துக்குள் எங்கே முடிந்தாலும் அதை இயல்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

துபாய் வழியாகப் போனால் சுற்றுதானே என்றும் கேட்டிருந்தீர்கள். தூரத்தில் பெரிய சுற்று இல்லை. சென்னை - துபாய் 2,930, துபாய் - லண்டன் 5,500, ஆக 8,430 கி.மீ. நேர்ப் பாதையைவிட 200 கி.மீ. மட்டுமே கூடுதல். வளைகுடா நம் வழியிலேயே அமைந்துவிட்டது. நேரம்தான் கூடும், இறங்கி ஏறக் காத்திருப்பதையும் சேர்த்து 14, 15 மணி நேரம் ஆகிவிடும். முதல் பயணம், தனியாகப் போகிறார் என்பதால் நேரடி விமானத்தை எடுத்தது நல்ல முடிவு. கட்டணம் கூடுதலாக இருந்திருக்கலாம், இருந்தும் அதையே செய்யச் சொல்லியிருப்பேன்.

இப்போது வீட்டிலிருந்து கிளம்பும் நேரம். பயணிகள் அதிகம் தவறுவது இங்கேதான், ஆகவே பொறுமையாகப் படியுங்கள். காலை 5.40 விமானத்துக்கு 2.40க்கே நிலையத்துக்குள் இருக்க வேண்டும். டிக்கெட்டில் ஞாயிறு என்று போட்டிருந்தால், நீங்கள் உங்கள் ஊரான குடியாத்தத்தை விட்டுக் கிளம்ப வேண்டியது சனிக்கிழமை இரவு. என் உறவினர் ஒருவர் பேரனைப் பார்க்கக் கிளம்பியபோது, இரண்டு பெட்டிகளில் முறுக்கும் ஊறுகாயும் கட்டிக்கொண்டு, ஒரு நாள் தள்ளி இரவில் வந்து நின்றார். நுழைவாயில் காவலர் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நேற்றே போய்விட்டதே அம்மா" என்று சொன்னபோது அவர் முகம் போன போக்கு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நாட்காட்டியில் முந்தைய நாளை வட்டம் போட்டு, "இரவு 10 மணி" என்று இன்றே எழுதிவிடுங்கள்.

வேலூரிலிருந்து விமான நிலையம் ஏறக்குறைய 130 கி.மீ., குடியாத்தத்திலிருந்து இன்னும் முப்பதுக்கு மேல் கூடும். வாலாஜாபேட்டைக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவே சாலை வேலை நடக்கும் இடங்களில் இரவில் லாரிகள் வரிசை கட்டிவிடும். 10 மணிக்குக் கிளம்பினால் வழியில் ஒரு டயர் மாற்றினாலும் நேரத்துக்குப் போய்விடலாம். ரயிலில் காட்பாடியிலிருந்து சென்ட்ரல் வந்து மெட்ரோ பிடிப்பதாக இருந்தால், மெட்ரோ இரவு 11 மணியளவில் நின்று அதிகாலையில்தான் தொடங்கும் என்பதால், மாலை ரயிலிலேயே வந்துவிட வேண்டும். வேலூரை அடுத்த நம் அப்துல்லாபுரத்தில் விமான ஓடுபாதை இருந்தும் இந்த அலைச்சல் தீராமல் இருப்பது என்னைப் போன்றவனுக்கு மனவருத்தம்தான்.

கடைசியாக, அந்தக் குரல். விமானம் 11.55க்கு நின்றால் நமக்கு மாலை 4.25. குடியேற்றச் சோதனை, பெட்டி எடுப்பது எல்லாம் முடிந்து வெளியே வர ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம். ஹீத்ரோவில் இலவச வைஃபை உண்டு, ஆகவே இறங்கியதும் ஒரு வரிச் செய்தி வரலாம். வராவிட்டால் மாலை ஆறரை வரை பதற வேண்டாம். அங்கிருந்து நார்தாம்ப்டன் இன்னும் 110 கி.மீ. போல இருக்கிறது. அறைக்குப் போய்ச் சேர்ந்தேன் என்ற அழைப்பு நம் நேரம் இரவு 9, 10 மணிக்குத்தான் வரும் என்று வீட்டில் அனைவரிடமும் இப்போதே சொல்லி வையுங்கள்.

அதுவரை கைபேசியில் விமானம் எங்கே போகிறது என்று காட்டும் செயலியைத் திறந்து பார்த்துக்கொண்டே இருப்பீர்கள். எந்தத் தந்தையும் அப்படித்தான் செய்வார். ஒன்று தெரிந்துகொண்டு பாருங்கள். அந்தச் செயலிகள் பெரும்பாலும் தரையில் உள்ள சிறு கருவிகள் விமானத்தின் சமிக்ஞையைப் பிடித்து அனுப்புவதை வைத்து இயங்குகின்றன. அரபிக்கடலின் நடுவே அத்தகைய கருவிகள் இல்லை. அங்கே விமானம் திரையிலிருந்து மறைந்துபோகும், அல்லது ஊகத்தில் ஒரு கோட்டை நீட்டிக் காட்டும். ஈராக், கருங்கடல் பக்கங்களில் செயற்கைக்கோள் சமிக்ஞையைக் குலைக்கும் வேலைகள் நடப்பதால், விமானம் திடீரென வேறோர் ஊர் மேல் தாவியது போலவும் அதே இடத்தில் சுற்றுவது போலவும்கூடக் காட்டும். விமானிக்கு அதைச் சமாளிக்க வேறு கருவிகள் இருக்கின்றன, தரையில் எங்களைப் போன்ற ஒருவர் அந்த விமானத்தின் எண்ணை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். காலை எட்டு மணியளவில் திரை வெறுமையானால் பயப்படாமல் சாப்பிட்டு முடியுங்கள். வளைகுடாக் கரையை நெருங்கும்போது அந்தச் சின்ன மஞ்சள் விமானம் மறுபடி தெரியும்.